ஏழாம் நம்பர் கன்டெய்னரின் கதவு

பத்து நிமிடம் கொடுத்தார்கள். என் மகள் பவித்ரா குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டின் கிளப் ஹவுஸில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏறக்குறைய அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அவர்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிற காலி நிலத்தில், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரி யார்டு ஒன்று வரப்போகிறதாம். வரட்டும் என்று விடுவதா, எதிர்த்துக் கையெழுத்துப் போடுவதா என்பதுதான் கூட்டம். செயலாளர் ஒரு சேலத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. "இவர் பவித்ராவோட அப்பா. இதே ஃபீல்டுல இருந்தவர், எக்ஸ்பர்ட்" என்று சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தார்.

எக்ஸ்பர்ட் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன். அதுதான் என் வியாதி. ஒன்பதாவது நிமிடத்தில் நான் இன்னும் டிஸ்டில்டு வாட்டரை விட்டு நகரவில்லை. முன்வரிசையில் ஒருவர் செல்போனில் மளிகைச் சாமான் வாங்க ஆரம்பித்துவிட்டார். "அங்கிள், சேஃபா இல்லையா? யெஸ் ஆர் நோ, அது போதும்" என்றார் செயலாளர். "சொல்றேம்மா, அதுக்கு முன்னாடி ஹைட்ரோமீட்டர்னா என்னன்னு..." மைக் அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துபோச்சு அங்கிள் என்றார்கள். முப்பத்தைந்து வருடம் பேட்டரியோடு குடித்தனம் நடத்தியவனிடம் சொல்கிற பொய்யா அது? மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் நீட்டிய நீட்டலில் சொல்லாமல் விட்டது ஒரு கதவைப் பற்றிய விஷயம். அதை மட்டும் சொல்லியிருந்தால் மூன்று நிமிடம் போதும். ஆனால் மூன்று நிமிடத்தில் எதையாவது முடித்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

நான் பெங்களூர் நீலசந்திராக்காரன். அப்பா மின்சாரக் கேபிளுக்குப் பள்ளம் தோண்டிய கான்ட்ராக்ட் கூலி. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துதான் நான் பத்தாவது படித்தேன். படித்த லட்சணத்துக்கு இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. பிறகு மின்சாரக் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். சப்ஸ்டேஷனில் எல்லாரும் ஒதுங்கிப் போகிற அறை ஒன்று உண்டு, பேட்டரி ரூம். ஊருக்கே கரண்ட் போனாலும் சப்ஸ்டேஷனின் சுவிட்சுகள் வேலை செய்ய வேண்டுமே, அதற்காக வரிசையாக ஆசிட் பேட்டரிகள் வைத்திருப்பார்கள். உள்ளே போனால் மூக்கு எரியும், சட்டை ஓட்டையாகும். யாருக்கும் வேண்டாத அந்த வேலை புதிதாக வந்தவன் தலையில் விழுந்தது. எனக்கோ அது பிடித்துப்போயிற்று. கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் புத்தகத்தில் எழுத வேண்டும். தண்ணீர் குறைந்த செல்லுக்குத் தண்ணீர், முனைகளுக்கு வாசலைன். நூற்றுப்பத்து செல்லுக்கும் ஒவ்வொன்றாக. என் மனைவி செல்வி என் காக்கி பேன்ட்டைத் தூக்கிப் பிடித்து, "இதை வெச்சு மாவே சலிக்கலாம் போலிருக்கே" என்பாள். ஜனங்கள் வாயில் வருகிற இப்படிப்பட்ட பேச்சை விட எனக்கு மனது வராது. ரீடிங் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். ஆடிட்டுக்கு வந்தவர் ஒருமுறை முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

என் பேர் வெளியே தெரிந்தது ஒரு விபத்தால். பேட்டரியை வேகமாக சார்ஜ் செய்யும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும். ஒருநாள் அந்த ஃபேன் நின்றுபோயிருந்தது; யாரும் கவனிக்கவில்லை. நானும் லைன்மேன் ராஜப்பாவும் உள்ளே போனோம். ராஜப்பா லைட் சுவிட்சைத் தட்டினார். அந்தச் சின்னப் பொறி போதுமானதாக இருந்தது. ஒரு செல்லின் மூடி மேலே போய் கூரையில் மோதி, எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் வந்து விழுந்தது. சுவரெல்லாம் ஆசிட். ராஜப்பாவுக்கு எல்லாருமே 'குரு'தான்; என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "குரு, என் காது இருக்கா பாரு."

காது இருந்தது. அந்த வாரமே நான் ஒரு பலகை எழுதினேன். 'முதலில் கதவைத் திற. பிறகு ஃபேன். பிறகு நீ.' தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, ஆங்கிலத்துக்கு ஒரு கிளார்க்கைப் பிடித்தேன். மேலிடத்தில் இருந்து ஒருவர் பார்த்தார், பாராட்டுக் கடிதம் வந்தது, அந்தப் பலகையை ஐந்து சப்ஸ்டேஷன்களில் மாட்டினார்கள். கடிதத்தை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். சாமி படத்துக்கு மேலே மாட்டிவிட்டேன் என்று செல்வி அதைக் கீழே இறக்கி மாட்டினாள். அதற்குப் பிறகு எனக்குக் 'கதவு மாணிக்கம்' என்று பேர். ரிட்டையர்மென்ட் நாளில் மாலை போட்டவர்கள்கூடக் கதவைத் திறந்து காட்டி, "முதலில் நீங்க" என்று கிண்டல் செய்துதான் அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில் ஆறு மாதம் தாக்குப்பிடித்தேன். நான் தாக்குப்பிடித்தேன் என்று சொல்வது தப்பு, செல்வி தாக்குப்பிடித்தாள். பிறகுதான் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு பேட்டரி யார்டுக்கு, சப்ஸ்டேஷன் தெரிந்த பழைய ஆள் வேண்டுமென்று ஒரு கான்ட்ராக்டர் கூப்பிட்டார். பதினாறு வெள்ளைக் கன்டெய்னர்கள், துறைமுகத்தில் பார்ப்பீர்களே, அதுபோல. ஒவ்வொன்றுக்குள்ளும் அடுக்கடுக்காக லித்தியம் பேட்டரி. மத்தியானம் வெயிலில் சோலார் மின்சாரம் வாங்க ஆளில்லாமல் கிடக்கும்போது அதை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். சாயந்திரம் ஊரே லைட்டும் லிஃப்டும் ஏசியும் போடும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல காரியம்தான். இன்றும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன்.

ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் குறையையும் சொல்லவேண்டும். உள்ளே ஊற்றியதெல்லாம் வெளியே வராது. கொஞ்சம் சூடாகிப் போகும், கொஞ்சத்தை அந்தப் பேட்டரியைக் குளிர வைக்கிற ஏசியே குடித்துவிடும். ஏசி நின்றால் பேட்டரிக்கு ஆகாது. மனிதனைப் போலவே வருடாவருடம் தெம்பு குறையும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று திரையில் காட்டுகிறதே, அதுவும் சில சமயம் கதை விடும். ஒரு சாயந்திரம் திரையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று காட்டிக்கொண்டிருந்தது. லோடு அனுப்புகிற ஆபீசில் இருந்து, கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. கொடுக்க ஆரம்பித்துச் சில நிமிடத்தில் எண் மளமளவென்று இறங்கி, நான்கு கன்டெய்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. இந்த வகைப் பேட்டரியில் நிறைந்திருக்கும்போதும் பாதி இருக்கும்போதும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். அதனால் கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறிப்போகும். அன்றைக்குக் கரண்ட் போன வீடுகளில் பொம்மனஹள்ளியில் இருக்கிற என் வீடும் ஒன்று. முந்தின நாள்தான் அக்கம்பக்கத்தாரிடம், இனி சாயந்திரம் கரண்ட் போகாது, நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தேன். செல்வி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருந்து போன் செய்து, "பிடிச்சு வெச்சதுல கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்புங்க" என்றாள்.

நான் கன்ட்ரோல் ரூமில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாய் வைத்து அளந்த காலத்தில் எந்தப் பேட்டரியும் எங்களை ஏமாற்றியதில்லை என்று ஒரு சொற்பொழிவு. யார்டின் பொறுப்பில் இருந்த ஷோபா மேடம் வந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கன்டெய்னர் முதலில் நின்றது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சிரிப்பில் குறிக்க மறந்துவிட்டேன். "அளக்கறது பத்தி நல்லா பேசினீங்க" என்று மட்டும் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹாசன் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாருக்கு என்ன வேலை சொன்னாலும், சொல்லி முடித்ததும் அங்கேயே நிற்பார். "நிம்ம மாத்தல்லி ஹேளி" என்பார். உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று அர்த்தம். புரிந்தது மேடம் என்று சொல்லித் தப்ப முடியாது. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, எது வருமோ அதில் அவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். பாஷை புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டு முழுதும் கேட்பார். ஏதாவது தடுமாறினால், "இன்னொம்மே" என்பார். இன்னொரு தடவை. புல் வெட்ட வருகிற பெண்களும் சொல்ல வேண்டும், தண்ணீர் லாரிக்காரரும் சொல்ல வேண்டும். நான் டீ நேரத்தில் அவரைப் போலவே நடித்துக் காட்டுவேன். டீ கிளாஸை நீட்டி, "இதில் சர்க்கரை போடு, எங்கே உன் வார்த்தையில் சொல்லு பார்ப்போம்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

அபாயச் சங்கு ஊதினால் என்ன செய்வது என்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். கன்டெய்னர்களுக்கு உள்ளே வாயுவை மோப்பம் பிடிக்கிற கருவி உண்டு. அது கண்டுபிடித்தால் சங்கு ஊதும். ஊதியதும், கன்ட்ரோல் ரூமில் இருந்தபடியே அந்தக் கன்டெய்னரைத் துண்டிக்க வேண்டும். யார்டு நடுவில் ஒரு கம்பத்தில் மேடம் தன் பழைய துப்பட்டாவில் கிழித்த சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்து கேட்டுக்கு எல்லாரும் போக வேண்டும். தலை எண்ண வேண்டும். தீயணைப்புக்குப் போன் செய்து கன்டெய்னர் எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு நிற்க வேண்டும். அவ்வளவுதான். கிட்டப் போகக்கூடாது. முக்கியமாகக் கதவைத் திறக்கக்கூடாது. சாவிகள் எல்லாம் கன்ட்ரோல் ரூம் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது.

கதவைத் திறக்கக்கூடாதாம்! கதவு மாணிக்கத்திடம் சொல்கிறார்.

மேடம் பொறுமையாக விளக்கினார். பழைய பேட்டரியில் வரும் வாயு லேசானது, திறந்தால் போய்விடும், சார்ஜை நிறுத்தினால் வருவதும் நின்றுவிடும். இதில் ஒரு செல் கெட்டுச் சூடானால் அந்தச் சூடு பக்கத்து செல்லையும் கெடுக்கும், வாயு வந்துகொண்டே இருக்கும். வெடிக்க வேண்டியதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும், இல்லாதது போதுமான காற்று ஒன்றுதான். "நீங்க கேஸை வெளியே விடறதா நினைப்பீங்க. நீங்க காத்தை உள்ளே விடறீங்க" என்றார். பிறகு வழக்கம்போல என் வார்த்தையில் சொல்லச் சொன்னார். சொன்னேன். பசியோடு தூங்குகிறவன் முன்னால் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவது மாதிரி என்று உவமை எல்லாம் போட்டுச் சொன்னேன். மேடம் முகத்தில் சிரிப்பு வந்தது. யார்டிலேயே அழகாகச் சொன்னவன் நான்தான். ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

இங்கேதான் ஷஃபி வருகிறார். நீலசந்திராவில் எங்கள் சந்துக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். முப்பது வருடம் ஆட்டோ ஓட்டி முழங்கால் போனதும், நான்தான் யார்டில் செக்யூரிட்டி வேலை வாங்கிக் கொடுத்தேன். அவர் மனைவி என்ன வேலை அண்ணா என்று என்னிடம் கேட்டதற்கு, சேர் போட்டு உட்காருவதுதான் வேலை, ஆபத்தே இல்லை என்று நானே வாக்குக் கொடுத்தேன். அவர் உட்காரும் அறை ஏழாம் நம்பர் கன்டெய்னருக்குப் பக்கத்தில் இருந்தது. கன்ட்ரோல் ரூமோ யார்டின் அந்தக் கோடியில்.

ஏழாம் நம்பர் ஆரம்பத்தில் இருந்தே அழுகுணி. அடிக்கடி சங்கு ஊதும். பார்த்தால் ஒன்றும் இருக்காது. மோப்பக் கருவியில் கோளாறு என்று ஆள் வந்து மாற்றிவிட்டுப் போனார்கள். மேடம் லீவில் இருந்த ஒருநாள் அது மறுபடி ஊதியது. நான் சாவியை எடுத்துக்கொண்டு போய், ஷஃபி பார்க்க, கதவைத் திறந்து ஐந்து நிமிடம் காற்றாட விட்டேன். சங்கு நின்றது. "பாத்தியா?" என்றேன். "ஹௌ அண்ணா" என்று தலையாட்டினார் ஷஃபி, ஆச்சரியமாக. அன்றைக்கு அவருக்கு என் மூன்று வரிப் பலகையை, ராஜப்பாவின் காது உட்பட, முழுதாகச் சொன்னேன். கேஸ் என்றால் முதலில் கதவு, மூக்கில் ஈரத்துண்டு, மற்றதெல்லாம் படித்தவர்கள் பயம் என்றேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடியில் இருந்து நடந்து வர முடியாதென்று ஏழாம் நம்பரின் இரண்டாவது சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. விசில் அடித்துக்கொண்டே திரும்பிப் போனேன்.

அடுத்த ஏப்ரலில், மத்தியானம் மூன்று மணி சுமார், சங்கு ஊதியது. நானும் மேடமும் கன்ட்ரோல் ரூமில் இருந்தோம். ஏழாம் நம்பர்தான். மறுபடியுமா என்று நான் எழுந்திருக்கவே இல்லை. மேடம் திரையைப் பார்த்தார். வாயு மட்டும் ஏறவில்லை, ஓர் அடுக்கின் சூடும் ஏறிக்கொண்டிருந்தது. அவர் விரலை வைத்த இடத்தில் எண் நாம் பார்க்கப் பார்க்க மாறியது. அப்போதுதான் எனக்கு எழுந்திருக்கத் தோன்றியது. அவர் ஏழாம் நம்பரைத் துண்டித்தார். ஜன்னல் வழியாகச் சிவப்புத் துண்டைப் பார்த்தார். வாக்கி-டாக்கியில், எல்லாரும் மேற்கு கேட்டுக்கு, திரும்பச் சொல்லுங்கள் என்றார். புல் வெட்டுகிற பெண்கள் தெலுங்கில் சொன்னார்கள். எலெக்ட்ரீஷியன் இந்தியில் சொன்னார். ஷஃபியிடம் இருந்து பதில் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கால் வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, ஷஃபி ஏழாம் நம்பரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கையில் ஏதோ வெயிலில் மினுங்கியது. சாவி.

மேடம் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். இப்போது பதில் வந்தது, துண்டுக்குள்ளிருந்து. "ரெண்டே நிமிஷம் மேடம், தொறந்து உட்டுட்டு வந்துடறேன். நீங்க பேஜார் பண்ணிக்காதீங்க." திறக்க வேண்டாம் என்றார் மேடம், கன்னடத்தில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை. "மாணிக்கண்ணா சொல்லிக் குடுத்திருக்காரு மேடம். காத்து போனா எல்லாம் சரியாப் பூடும்." நடை நிற்கவில்லை.

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. எந்தச் சாவி, ஏன் அவரிடம் இருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. வாக்கி-டாக்கியை என் கையில் வைத்தார். "நிம்ம மாத்தல்லி ஹேளி" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வாழ்க்கை முழுக்கப் பேசியே பிழைத்தவன், அந்த நேரத்தில் என்ன பேசினேன் தெரியுமா? "ஷஃபி, சொல்றதைக் கேளு, அந்தக் காலத்துல பேட்டரி ரூம்ல என்ன பண்ணுவோம்னா..." ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன்! ஷஃபி கொஞ்சம்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. நான் அந்தக் காலத்தில் என்று தொடங்கினால் ஒரு டீ குடித்துவிட்டு வர நேரம் இருக்கும் என்பது சந்துக்கே தெரியும். கதவுக்கு இன்னும் இருபது அடி இருக்கும். மேடத்தின் கை என் தோளில் பட்டது.

"ஷஃபி" என்றேன். "நான் சொன்னது தப்பு."

ஷஃபி நின்றார். வாக்கி-டாக்கியை இடுப்பிலிருந்து கழற்றி, முகத்துக்கு நேரே வைத்து அதையே பார்த்தார்.

"யாரு பேசறது?" என்றார்.

"மாணிக்கம்."

"நக்கோ, இல்லே. மாணிக்கண்ணா இப்பிடிச் சொல்ல மாட்டாரு. யாருய்யா நீ?"

அவர் நின்றுவிட்டார். வெயிலில் நின்றுகொண்டு அந்தக் கருவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருடப் பழக்கத்தில் என் வாயிலிருந்து ஒருதடவைகூட வராத வாக்கியம் அது. அதனால் என் குரலையே அவரால் நம்ப முடியவில்லை. "மாணிக்கம்தான் பா. உன் ஆட்டோவுக்கு மொத மொத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வெச்சது நான், அது உருண்டு சாக்கடையில விழுந்தது ஞாபகம் இருக்கா? நான் சொன்னது தப்பு ஷஃபி. தொறக்காதே. மேற்கு கேட்டுக்கு வா."

"அண்ணா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பி நடந்தார்.

நாங்களும் மேற்கு கேட்டுக்குப் போனோம். மேடம் தலை எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினார். லேசாக இனிப்பான, நகப்பூச்சு மாதிரி ஒரு வாசனை எங்கள்வரை வந்துபோனது. ஏழாம் நம்பரின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாகப் புகை வந்து தரையோடு தவழ்ந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கலாம். அந்த இடுக்கு வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு சத்தம். காதால் கேட்டதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்டது. கூரையில் இந்த மாதிரி வெடிப்புக்கென்றே வைத்திருந்த தகடுகள் திறந்துகொண்டன. அது போதாமல், கதவு கீலோடு பிய்ந்து பறந்து, ஷஃபி நின்று என்னோடு சண்டை போட்ட இடத்தைத் தாண்டிப் போய் வேலியில் சாய்ந்து நின்றது. பார்த்தால் யாரோ கழற்றி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது.

ஷஃபி வேலியைப் பார்த்தார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து, ஏழாம் நம்பரை விட்டுவிட்டு ஆறுக்கும் எட்டுக்கும் தண்ணீர் அடித்தது. உள்ளே எரிவதை அணைக்க முடியாது, எரிந்து தீரட்டும் என்று எரியவிடுவதுதான் வழி என்றார்கள். அணைந்த மாதிரி இருந்துவிட்டு மறுநாள் மறுபடி புகைந்தது. அடித்த தண்ணீர் கறுப்பாக ஓடி மழைத்தண்ணீர் ஓடுகிற ராஜகால்வாய்ப் பக்கம் போனது. அது போய்ச் சேருவது ஏரியில். மேடம் புல் வெட்டுகிற பெண்களோடு சேர்ந்து மணல் மூட்டை அடுக்கி அதை மறித்தார். பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு நாள் ஜன்னலைச் சாத்தி வைத்தார்கள். எதனால் தொடங்கியது என்று கேட்டால், ஏசித் தண்ணீர் ஓர் அடுக்கில் சொட்டியிருக்கலாம் என்றார்கள். 'இருக்கலாம்' என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். முதல் கேள்வியே சாவி. பெட்டியில் இருக்க வேண்டிய சாவி செக்யூரிட்டி கையில் எப்படி வந்தது? ஷஃபி சொன்னார்: கீழே கிடந்தது, எடுத்து வைத்தேன், கொடுக்க மறந்துவிட்டேன். கதவைத் திறக்கப் போனது ஏன்? அறிவில்லாமல் போனேன். யாராவது சொன்னார்களா? இல்லை. அவருடைய வேலை போகும் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அன்று முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே மிக நீளமாக நான் பேசாமல் இருந்த நாள் அதுதான். பேச வேண்டிய ஒரே நாளில் போய் அதைச் செய்தேன்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வழக்கம்போல ராஜப்பாவில் ஆரம்பித்து. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?" என்றாள்.

மறுநாள் காலை நானே போய் அந்த மூவர் முன்னால் உட்கார்ந்தேன். அன்று மேடத்தை விசாரிக்கிற நாள்; அவரும் இருந்தார். சாவி கொடுத்தது நான், கதவைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தது நான், ஷஃபி சொன்னது எனக்காகச் சொன்ன பொய் என்றேன். மூன்றே வாக்கியம். ஒருவர் எழுதி முடித்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். இல்லை என்றேன். மேடம் முதன்முதலாக ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார்.

ஷஃபிக்கு வேலை இருந்தது. எனக்குப் போயிற்று. முதல் ரிட்டையர்மென்ட்டில் மாலை, சந்தனம், மைசூர் பாக். இரண்டாவதில் டீகூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கிளம்பும்போது மேடம் கேட் வரை வந்தார். டீ நேரத்தில் நான் அவரைப் போல நடித்ததெல்லாம் அவருக்குத் தெரியுமாம். "நல்லாத்தான் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க" என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பாராட்டுக் கடிதத்தை ஹாலிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்தேன். செல்வி அந்த ஆணியில் காலண்டரை மாட்டினாள்.

ஒரு மாதம் கழித்து ஷஃபி வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். மிச்சமிருந்த பதினைந்து கன்டெய்னர்களின் கதவிலும் புதுப் பலகை. என்ன எழுதலாம் என்று மேடம் எல்லாரையும் அவரவர் வார்த்தையில் சொல்லச் சொன்னாராம். ஷஃபி சொன்னது தேறியதாம். தமிழ், கன்னடம், உருது, இந்தி, நான்கிலும் எழுதியிருந்தது: 'திறக்காதே. மாணிக்கம் சொன்னாலும் திறக்காதே.' கீழே ஷஃபி குரலில் ஒரு செய்தி. "அண்ணா, கோச்சுக்காதீங்க. உங்க பேர் இப்ப பதினஞ்சு கதவுல இருக்கு. அப்போ அஞ்சுதானே?"

கிளப் ஹவுஸ் கூட்டம் முடிந்த அன்று சாயந்திரம் பவித்ராவின் போனில் அவர்களுடைய அப்பார்ட்மென்ட் குரூப்பைப் பார்த்தேன். யெஸ் என்று பாதிப் பேர், நோ என்று பாதிப் பேர். எனக்கு யெஸ்ஸும் தெரியவில்லை, நோவும் தெரியவில்லை. அந்த யார்டில் சங்கு ஊதினால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று அங்கே புல் வெட்டுகிறவருக்குத் தெரியுமா? அடித்த தண்ணீர் எங்கே போகும்? சாவி எங்கே இருக்கும்? எல்லாம் தெரிந்த பழைய ஆள் எவனாவது அங்கே வேலைக்கு இருக்கிறானா? போய்க் கேளுங்கள் என்று எழுத நினைத்தேன். நீளமாகிவிடும் என்று பயந்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாக இருந்துவிடலாம் என்று, அந்தப் பலகையின் போட்டோவை மட்டும், கீழே 'பவித்ரா அப்பா' என்று எழுதி, குரூப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அரை நிமிடத்தில் செயலாளர் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. "அங்கிள், யார் இந்த மாணிக்கம்?"

அவர்களுக்கு நான் பவித்ராவின் அப்பாதானே. நான்தான் என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கலாம். 'அதைச் சொல்லணும்னா' என்று தட்ட ஆரம்பித்தேன். அது இவ்வளவு தூரம் வந்துவிட்டது.